புழு வளர்க்கப் போனவள்

கொழுந்து பறிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து நான் போய்ச் சேர்ந்த வேலை, புழு வளர்ப்பது. அம்மா இதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். "மலைக்குப் போனா அட்ட கடிக்கும்னு சொன்ன புள்ள, இப்ப புழுவுக்குச் சோறு ஊட்டுது" என்பாள், பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது. பிறகு லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து என் வெள்ளை மேலங்கியைத் தானே துவைத்து, யார் கையும் படாத உயரத்தில் கொடி கட்டிக் காயப்போடுவாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில், ஒரு தோட்டத்தின் பழைய பங்களாவில், தேயிலையில் விழும் பூச்சிகளை ஆராயச் சின்னதாக ஓர் ஆய்வுகூடம் வைத்திருந்தார்கள். அதில் இரண்டே பேர். ஆராய்ச்சி அதிகாரியான மிஸ், அவருக்கு உதவியாளாக நான். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். அவர் என்னை 'நீர்' என்பார், நான் அவரை 'மிஸ்' என்பேன். இருவரும் பேசியது தமிழ்தான் என்றாலும், முதல் மாதம் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்கியது.

முதல் நாள் நான் உள்ளே கால் வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்." ஆய்வுகூடத்துக்குள் வருகிற எவருக்கும் சொல்கிற வார்த்தைதான். எனக்கோ சுருக்கென்று தைத்தது. ஹட்டனில் படித்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் தனியாக நிறுத்தி நகம் பார்த்த டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். இந்த மிஸ்ஸுக்குச் சுத்தம் என்றால் என்னவென்று காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். அதனால் கெட்டது நிறைய, அதில் ஒன்றுதான் இந்தக் கதை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய இடத்தில் மரம் உளுத்தால், அதன் வழியாகக் கறையான் உள்ளே போய்த் தண்டுக்குள் குடியேறிவிடும். வெளியே மருந்தடித்துப் பயனில்லை. உள்ளே தானாகவே தேடிப் போய்க் கொல்லுகிற ஒன்று வேண்டும். அதற்காக மிஸ் வெளிநாட்டிலிருந்து தபாலில் ஒரு நனைந்த ஸ்பொஞ்சுத் துண்டை வரவழைத்திருந்தார். அதைப் பிழிந்த தண்ணீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், நூல் நூலாகப் புழுக்கள் நெளியும். நூற்புழு.

அந்தப் புழு தனியாக ஒன்றையும் சாதிக்காது. அதன் வயிற்றுக்குள் ஒருவகை பக்டீரியாவைச் சுமந்துகொண்டு திரிகிறது. ஒரு பூச்சியின் வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உள்ளே நுழைந்து, சுமந்து வந்ததைக் கக்கும். இரண்டு நாளில் பூச்சி செத்து, அதன் உடம்பு கூழாகிவிடும். அந்தக் கூழையும் பக்டீரியாவையும் தின்றுதான் புழு குட்டி போடும். கூழ் தீர்ந்ததும், குஞ்சுப் புழுக்கள் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் போலக் கொஞ்சம் பக்டீரியாவை வயிற்றில் வாங்கிக்கொண்டு வெளியே கிளம்பும். புழு இல்லாமல் பக்டீரியாவுக்குப் போக்கிடம் இல்லை, பக்டீரியா இல்லாமல் புழுவுக்குச் சோறு இல்லை. செத்த பூச்சி செங்கல் நிறமாகும். இருட்டில் வைத்துப் பார்த்தால் மெல்ல ஒளி விடும். அந்த ஒளியும் பக்டீரியாவின் வேலைதான். அதைப் பார்ப்பதற்கென்றே, முன்பு புகைப்படம் கழுவிய ஜன்னலில்லாத அறை ஒன்று பங்களாவில் இருந்தது. கதவைச் சாத்திப் பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் கண் பழகும்.

முதலில் தேன்கூட்டு மெழுகைத் தின்னும் ஒரு பூச்சியின் கொழுத்த புழுக்களுக்குள், மெழுகுப்புழு என்போம், நூற்புழுவை வளர்த்தோம். ஒரு மலை முழுக்கத் தெளிக்க அது காணாது. அதனால் மிஸ் வேறு வழிக்கு மாறினார். கோழிக் குடலை அரைத்து, ஸ்பொஞ்சுத் துண்டில் ஊறவைத்து, குடுவையில் போட்டு அவித்து, முதலில் பக்டீரியாவை விட்டு, மூன்று நாள் கழித்துப் புழுவை விட வேண்டும். அந்தப் பக்டீரியாவைத் தனியாகக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அது என் பொறுப்பு. முதல் விளைச்சலில் ஒரு போத்தலை நான் பிறந்த தோட்டத்துக்கே கொண்டுபோய், ஏழாம் நம்பர் மலையில் கறையான் விழுந்த நாலைந்து செடிகளின் தண்டுக்குள் ஊற்றிப் பார்த்தோம்.

அந்த வருடம்தான் வீடு காலியானது. தோட்டத்து மக்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, அப்பா அம்மா தங்கை மூவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. தனியாக மனுப் போட்டிருந்த எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. ஒரே காம்பராவில் படுத்து ஒரே பீலித் தண்ணீர் குடித்த நாலு பேர் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். நானும் எப்படியாவது கூடப் போயிருக்கலாம், போனவர்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது அப்பா மட்டும், "வேல நெலைக்காட்டி வந்துரு புள்ள. கள்ளத்தோணியோ நல்லத்தோணியோ, வந்துரு" என்றார். எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. மறுநாள் கண் வீங்கியிருந்தால் மிஸ் என்னவென்று கேட்பார் என்று அடக்கிக்கொண்டேன். மிஸ் கேட்கவே இல்லை.

காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்களாவின் பின்னால், முன்பு சமையற்காரர் இருந்த அறை எனக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே மிஸ்ஸும் பயிற்சிக்காக நாலு மாதம் வெளிநாடு புறப்பட்டார். போகிற அன்று குடுவைகளைக் காட்டிச் சொன்னார்.

"நான் திரும்பி வரேக்கை இதுகள் நிறையப் புழு இருக்கவேணும். இருந்தால் பெரிய சோதனை தொடங்கலாம், உம்மையும் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதலாம். இல்லாட்டி இந்தப் பகுதியையே மூடிப்போடுவினம். விளங்குதோ?"

"விளங்குது மிஸ்" என்றேன்.

அந்த நாலு மாதத்தைப் பற்றி என்ன எழுதுவது? மழையும் மூடுபனியும்தான். சனிக்கிழமை பஸ் பிடித்து ஹட்டன் போய்க் கோழிக் குடல் வாங்குவேன். "குடல் ரெண்டு கிலோ குடுங்க" என்பதுதான் பல வாரங்களில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே வாக்கியம், அதுவும் தொண்டை கட்டிப்போய்ப் பாதிதான் வெளியே வரும். கடைக்காரர் ஒருநாள், "எத்தன நாய் வளக்குறீங்க?" என்று கேட்டார். "நாய் இல்லீங்க, புழு. கோடிக் கணக்குல இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன். பூசை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாக வெளியே நின்று பேசுவார்கள். நான் பஸ் வந்துவிடும் என்று அவசரப்படுகிறவளைப் போல நடப்பேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

அழ வேண்டும் என்றால் இருட்டறைக்குப் போவேன். தட்டுகளின் ஒளியைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, கண் பழகும்வரை அந்தப் பத்து நிமிடமும் அழுவேன். முதல் மாதம் ஒளி நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் மாதம் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. அழுது அழுது கண் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஹட்டனில் கண்ணாடி போடுகிறவரிடம்கூடப் போய்ப் பார்த்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

குறை வேறு இடத்தில் இருந்தது. தட்டில் பக்டீரியா புள்ளி புள்ளியாக வளரும். அதில் இரண்டு சாதி. ஒன்று தடித்து, மஞ்சளாக, ஊசியால் தொட்டால் சளி மாதிரி இழுபடும். மற்றது மெல்லிசாக, தட்டையாக, துடைத்து வைத்த கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். 'தனியாக நிற்கும் ஒரு புள்ளியைத் தொட்டுப் புதுத் தட்டில் தேய்க்கவும்' என்று மிஸ் எழுதி வைத்திருந்தார். எந்தப் புள்ளியை என்று எழுதவில்லை. சளியைப் போல ஒட்டுகிறதை எடுக்க எனக்கு மனம் வருமா? ஏதோ ஊத்தை விழுந்துவிட்டது, மிஸ் பார்த்தால் லயத்துப் புத்தி என்று நினைப்பார் என்று, ஒவ்வொரு தடவையும் அதை ஒதுக்கினேன். தெளிவானதையே தேடித் தேடி எடுத்தேன். மஞ்சள் தட்டுகளை எல்லாம் பிரஷர் குக்கரில் போட்டு அவித்துக் கொன்றேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளுக்கு வேறு என்ன நடக்கும்? மூன்றாம் மாத முடிவில் என் தட்டுகள் அத்தனை அழகாக இருந்தன. குடுவைகளில்தான் புழு இல்லை.

முதலில் குட்டி போடவில்லை. பிறகு இருந்ததும் சுருண்டது. குடுவையைத் திறந்தால் அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. பயந்துபோய், மிச்சமிருந்த கொஞ்சத்தைப் பழையபடி மெழுகுப்புழுக்களுக்குள் விட்டுப் பார்த்தேன். அவை கறுத்துச் செத்தன, உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. சுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் தேய்த்துக் கழுவினேன். கை வெடித்து இரத்தம் வந்தது.

அந்த வாரம் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். புழுவெல்லாம் சாகிறது, வேலை போய்விடும் போல் இருக்கிறது, போனால் வந்துவிடுவேன் என்று எழுதினேன். எழுதும்போது எனக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? புழு செத்தால் நான் தோற்றவள், ஆனால் அம்மாவிடம் போய்விடலாம்.

மிஸ் திரும்பி வந்தார். மேலங்கியைக்கூடப் போடாமல் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊசியால் தொட்டார். இழுபடவில்லை.

"இவ்வளவு வடிவாய் இருக்குதே" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒட்டுறது, மஞ்சளாய் இருக்கிறது, அதெல்லாம் எங்கை?"

"அது ஊத்தைன்னு நெனச்சேன் மிஸ். அவிச்சிட்டேன்."

"ஐயோ, அதுதான் எங்களுக்குத் தேவையானது. புழுவுக்குச் சாப்பாடு போடுறதும் அதுதான், மற்றக் கிருமி அண்டாமல் மருந்து சுரக்கிறதும் அதுதான், வெளிச்சம் விடுறதும் அதுதான். நீர் எடுத்தது அதின்ரை சோம்பேறித் தம்பி. வடிவாய் இருக்கும், ஒரு வேலையும் செய்யாது." தலையில் கை வைத்துக்கொண்டார். "பிழை என்ரை. நான் எழுதி வைச்சிருக்கவேணும். ஆனால் நீர் என்னத்துக்கு இவ்வளவு கழுவினீர்?"

முதல் நாள் நீங்கள் கை கழுவச் சொன்னதால் என்று சொல்ல வாய் வரவில்லை. அழுக்கு என்று நான் ஒதுக்கியதுதான் குடுவையை அழுகாமல் காத்திருக்கிறது.

மிச்சம் எங்காவது இருக்கும் என்றால், ஏழாம் நம்பர் மலையில் ஊற்றிய அந்தச் செடிகளில்தான் இருக்க வேண்டும் என்றார் மிஸ். மெழுகுப்புழுக்களைச் சின்னக் கம்பிவலைப் பொட்டலங்களாகக் கட்டித் தண்டின் பொந்துக்குள் வைத்தால், உள்ளே நூற்புழு உயிரோடு இருந்தால் தேடி வரும். அவர் அறிக்கை எழுதி முடிக்க வேண்டும் என்பதால் நான் மட்டும் போனேன். பொட்டலங்களை வைத்துவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து எடுக்கத் திரும்பப் போனேன்.

எங்கள் லயத்தின் வழியாகத்தான் மலைக்கு ஏற வேண்டும். பீலியடியில் நான் அறியாத ஒரு பெண் குடத்தோடு நின்றாள். வேறு தோட்டத்திலிருந்து வந்தவளாக இருக்கும். என் மேலங்கியைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டு, "யாரத் தேடுறீங்க மிஸ்?" என்றாள். எங்கள் காம்பராவின் கதவில் யாரோ நீலச் சாயம் அடித்திருந்தார்கள். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

நாலு செடிகளில் வைத்த புழுக்கள் உயிரோடு நெளிந்தன, அல்லது கறுத்து அழுகியிருந்தன. ஐந்தாவதில் ஒன்றே ஒன்று, செங்கல் நிறத்தில் விறைத்துக் கிடந்தது. அதை நனைந்த பஞ்சில் வைத்துத் தகர டப்பாவில் மூடினேன்.

இறங்கும் வழியில் ஆற்றைக் கடக்க ஒரு கல்பாலம். அதன் நடுவில் நின்று டப்பாவைத் திறந்தேன். என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது, அவ்வளவுதான் அது. கவிழ்த்தால் ஆற்றோடு போய்விடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் மிஸ் நம்புவார். மாதக் கடைசியில் பகுதியை மூடுவார்கள், அடுத்த மாதம் நான் அம்மாவின் கையால் சாப்பிடுவேன். டப்பா கொஞ்சம் சாயக்கூடச் சாய்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சடசடவென்று மழை பிடித்தது. உடனே மூடியை அழுத்தி, டப்பாவை முந்தானைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். கை பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஓடும்போது எதைச் செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மழை என்பதால் அழுவதற்கு வசதியாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த ஒற்றை உடம்பிலிருந்து குஞ்சுப் புழுக்கள் தண்ணீருக்குள் இறங்கின. அவற்றை விட்ட மெழுகுப்புழுக்கள் வரிசையாகச் சிவந்தன. மிஸ்ஸும் நானும் அவற்றை இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம். அந்த அறைக்குள் இன்னொருவர் மூச்சுவிடுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். இருட்டுக்குள் மிஸ் சொன்னார்:

"அங்கை நாலு மாசமும் நான் ஒருத்தரோடையும் தமிழ் கதைக்கேல்லை. தட்டுகளோடைதான் கதைச்சனான்."

"நானும்தான் மிஸ்" என்றேன்.

மெதுவாக, சாம்பலுக்குள் மிச்சமிருக்கும் தணலைப் போல, ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. "தெரியுதோ?" என்றார். "தெரியுது மிஸ்." விளக்கைப் போட்டதும் அவர் மறுபடி மிஸ் ஆகி, கொப்பியில் எழுதத் தொடங்கினார். அந்தப் பேச்சைப் பிறகு இருவருமே எடுக்கவில்லை.

பகுதியை மூடவில்லை. சோதனை தொடங்கியது. தட்டச்சு அடித்த கடிதத்தில் என் வேலை நிரந்தரமானது. புழு பிழைத்துவிட்டது, வேலை நிலைத்துவிட்டது, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று வீட்டுக்கு எழுதினேன். பாலத்தில் நின்றதை எழுதவில்லை.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, தங்கைதான் எழுதியிருந்தாள். அப்பாவுக்கு இருமல், வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும் என்று அதையும் இதையும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி இருந்தது:

'அக்கா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு, ஆனா சொல்லாம இருக்க முடியல. புழுவெல்லாம் சாகுதுன்னு நீ எழுதுன கடுதாசி வந்த அன்னைக்கி, மிச்சமும் செத்துப் போகணும்னு அம்மா மாதாவுக்கு நேந்துக்கிச்சு. செத்துருச்சின்னா வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு நேர்த்தி. தெனமும் மெழுகுதிரி கொளுத்துச்சு. உன் கடுதாசியப் படிச்சுக் காட்டுனதும் ரெண்டு நாளா யாரோடயும் பேசல. மூணாம் நாளு எழுதச் சொல்லிச்சு: அந்தப் புழுவ நல்லாப் பாத்துக்கச் சொல்லு. அதையாச்சும் அவ பாக்கட்டும்.'

ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை படித்தேன். நுணுக்குக்காட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே மிஸ் கேட்டார்: "வீட்டிலை எல்லாரும் சுகமோ?"

"சுகம் மிஸ்" என்றேன்.

கடிதத்தை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு, புழுக்களுக்குத் தண்ணீர் மாற்றப் போனேன்.